உரசாத பிரேக்

மலைப்பாதையின் பதினொன்றாவது வளைவில் மாமனார் மூன்றாம் முறையாகச் சைக்கிளை நிறுத்துகிறார். "மாப்பிள்ளை, பின் பிரேக் உரசுது." மருமகனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது. கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால்தான் இன்று தங்க இடம். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருக்கிறது. கூடாரம், அடுப்பு, இருவர் துணி எல்லாம் அவன் சைக்கிளில்தான். மகளிடம் சவால் விட்டுவிட்டுக் கிளம்பி வந்தவர் இவர். அவருடைய பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுகிறான். கம்பிகளில் வெயில் மினுமினுக்க, அது தன்பாட்டுக்குச் சுற்றுகிறது. நிற்கிற வழியாகத் தெரியவில்லை. "எங்க மாமா உரசுது? நீங்களே பாருங்க." "முப்பத்தெட்டு வருஷம் ரயில் ஓட்டினவன் நான். பிரேக் சத்தம் எனக்குத் தெரியாதா?"

'உரசுறது பிரேக் இல்ல மாமா, உங்க வயசு' என்று நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. அதற்குள் அவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்க்கிறார். மூடி திரும்பவில்லை. மூச்சு விசில்போல இழுக்கிறது. அவனைப் பார்க்காமல் பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவன் பாட்டிலை வாங்கித் திறந்து கொடுக்கிறான். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சக்கரத்தருகே குந்துகிறான். "ஆமா மாமா, லேசா உரசத்தான் செய்யுது. சரிபண்ண கால் மணி நேரமாவது ஆகும்."

"அப்பவே சொன்னேன்ல! பெரியவங்க சொன்னா நம்பணும் மாப்பிள்ளை."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, நன்றாக இருக்கும் திருகாணியை ஒரு சுற்று தளர்த்துகிறான், ஒரு சுற்று இறுக்குகிறான். முதுகுக்குப் பின்னால் அந்த மூச்சுச் சத்தம் அடங்கும்வரை அவன் நிமிரப்போவதில்லை.