தலைக்கு மேலே

“இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டுத்தான் மறுவேலை!” என்று எழுந்தாள் அவள்.

“என்ன ஆச்சு?” என்றார் கணவர்.

“மேல் வீட்டுக்காரன் என்னை வேவு பாக்கறான்ங்க! நான் சமையலறைக்குப் போனா என் தலைக்கு மேல நடக்கறான். படுக்கையறைக்குப் போனா அங்கேயும் வந்துடறான்!”

துணைக்கு ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியேறி, அழைப்பு மணியை அழுத்தினாள்.

சங்கிலி போட்டபடியே கதவு கொஞ்சம் திறந்தது. உள்ளே வெளிறிப்போன ஒரு முகம்.

“எதுக்கு சார் என் பின்னாடியே நடக்கறீங்க?”

அவர் கண்கள் கம்பில் நிலைத்தன.

“நீங்கதானாம்மா அது? எந்த ரூம்ல கால் வச்சாலும் கீழேருந்து டொக்கு டொக்குன்னு இடிக்குது. பயந்து அடுத்த ரூமுக்கு ஓடினா அங்கேயும் இடிக்குது! இனிமே நான் நடக்கறதா, பறக்கறதா?”

அவள் கம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அது அவள் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.