நடுகல்லின் நாய்

இதை நான் நேரில் கேட்கவில்லை. ஆடு மேய்க்கும் என் சித்தப்பா சொன்னது.

ஊருக்கு வெளியே ஒரு நடுகல். மாடுகளை மீட்கப் போய் இறந்த வீரன் அதில் வில்லோடு நிற்கிறான். ஆடுகள் முதுகு தேய்த்துத் தேய்த்துப் பாதி எழுத்து அழிந்துவிட்டது. அடுத்து அவன் முகமும் போய்விடுமே என்று கல்லுக்குக் கவலை.

ஒருநாள் மைனா ஒன்று அதன் தலையில் உட்கார்ந்து ஆடுகளுக்குக் கதை சொன்னது. "சண்டைக்குப் போகையில் அவனுக்குக் கை நடுங்கியது. அவன் நாய் பின்னாலேயே வந்தது. வீட்டுக்குப் போ என்று மண்ணாங்கட்டியை எறிந்தான். அது போகவில்லை."

"அடியே, என்மேல் நாயைச் செதுக்கவே இல்லை" என்றது கல். "மாடு மீட்டான், செத்தான். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது."

"அவன் செத்ததை நீ சொல்லிவிட்டாய், தாத்தா. வாழ்ந்ததை யார் சொல்வது?"

மறுநாள் முதுகு தேய்க்க வந்த கிடா, வீரனின் முகத்தை அண்ணாந்து பார்த்தது. "கை நடுங்கியும் போயிருக்கிறானே" என்று சொல்லிவிட்டு, விலகிப்போய் வேலமரத்தில் தேய்த்துக்கொண்டது.

சாயங்காலம் மைனா வந்ததும் கல் மெதுவாகக் கேட்டது: "அந்த நாய் வீடு திரும்பியதா?"

பிறகு நானே போய்ப் பார்த்தேன். கல்லில் நாய் இல்லை. வீரனின் காலடியில், ஒரு நாய் படுக்கும் அளவுக்கு இடம் வெறுமையாக இருக்கிறது.