ஊர் நலன் விரும்பி

எதிர்வீட்டு மொட்டை மாடியில் நல்லசாமி இரும்புக் கால் நட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடியும் வைத்திலிங்கத்தின் நடுமண்டையில் விழுந்தது.

"சோலாருக்கு ஸ்டாண்டாம். கேட்டியா பட்டம்மா?"

"கேட்டேங்க. நல்லா இருக்கட்டும்."

"நல்லா இருக்கட்டுமா? முப்பத்திரண்டு வருஷம் தெர்மல்ல ஃபோர்மேனா நின்னு ஊருக்கெல்லாம் கரண்ட் குடுத்தவன் நான். எனக்கு பில்லு வருது. எங்கிட்ட கான்ட்ராக்ட் வெல்டரா இருந்துகினு 'சார், சார்'னு கை கட்டி நின்ன பய, வூட்டு மேலயே கரண்ட் காய்ச்சப் போறானாம்!"

 பட்டம்மாளின் மூக்கில் மூச்சு மிஷினின் குழாய் இருந்தது. பேசினால் மூச்சு இளைக்கும்.

அந்த மிஷின் ராத்திரி பகலாக ஓட வேண்டியது. தானே புயலுக்கு மறு வருஷம் ரிட்டயர் ஆகி, கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்கு வெளியே வீடு கட்டி வந்ததிலிருந்து கரண்ட் பில் முழுசும் அவர் தலையில்தான். அவர் பால் வாங்கப் போனால் போதும், பட்டம்மாள் மிஷினை நிறுத்திவிடுவாள்.

"ஏன்டி நிறுத்தின?"

"அது ஓடுற சத்தத்த விட மீட்டர் ஓடுற சத்தந்தாங்க எனக்குப் பெருசா கேக்குது."

அதற்காகத்தான் அவரும் சோலாருக்கு எழுதிப் போட்டிருந்தார். கரண்ட் ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள். ஒரு டிரான்ஸ்பார்மரில் இவ்வளவு சோலாருக்கு மேல் சேர்க்கக் கூடாது, அதுதான் சட்டம் என்றார்கள். அந்தத் தெருவுக்கு மிச்சமிருந்த இரண்டு கிலோவாட்டையும் ஒரு வாரம் முந்தி வந்து ஒருத்தன் வாங்கிக்கொண்டானாம்.

வேறு யார்? நல்லசாமிதான்!

நல்லசாமி இரும்புக் கால் நட்ட அன்று மத்தியானமே வைத்திலிங்கம் பேனாவை எடுத்தார். 'மேற்படி நல்லசாமியின் மாடிக்குப் பிளான் அப்ரூவல் கிடையாது. தன் வெல்டிங் பட்டறைக்குத் திருட்டுத்தனமாக கரண்ட் இழுக்கப் போகிறார். தக்க நடவடிக்கை எடுக்கவும். இப்படிக்கு, ஊர் நலன் விரும்பி.'

தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

பத்தாம் நாள் ஜீப்பில் இன்ஜினியர் வந்து இறங்கினார். நல்லசாமியைக் கூட்டிக்கொண்டு நேராக வைத்திலிங்கத்தின் வாசலுக்கே வந்துவிட்டார்.



"உங்களுக்கு நல்ல சேதிதான் சார். 'ரெண்டு கிலோவாட்டுல எனக்கு ஒண்ணு போதும், இன்னொண்ண எதிர்வூட்டுக்குக் குடுத்துடுங்க'ன்னு இவரு போன வாரமே எழுதிக் குடுத்துட்டாரு."

"அண்ணி மிஷின நிறுத்திட்டு மூச்சு வாங்கிகினு உக்காந்திருந்தத மாடியிலேர்ந்து பாத்தேண்ணே. மனசு கேக்கல," என்றான் நல்லசாமி. "ஒங்ககிட்ட சொல்லலாம்னா, என்னக் கண்டாலே பேப்பர மூஞ்சிக்கு நேரா தூக்கிக்கிறீங்க!"



"ஆனா ஒரு சிக்கல்," என்று இன்ஜினியர் ஃபைலைத் திறந்தார். "எவனோ இவரு மேல மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். மேலிடத்துல பதிவாயிடுச்சு. விசாரணை முடியிற வரைக்கும் இவருக்கும் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. ஆறு மாசம் ஆகும், ஒரு வருஷங்கூட ஆகும். எழுதினவனே வந்து வாபஸ் வாங்கினா இன்னைக்கே முடிச்சிடுவேன். பேர் போடாத கடுதாசிக்கு எவன் வரப் போறான்?"

 

நல்லசாமி கடுதாசியை வாங்கிப் பார்த்தான். மேலிருந்து கீழ்வரை ஒருமுறை. மறுபடியும் ஒருமுறை.

அப்போதுதான் வைத்திலிங்கத்துக்கு உறைத்தது. எட்டு வருஷம், தினம் காலையில், இதே கையெழுத்தில்தான் அவனுக்கு வேலைச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நல்லசாமி அவரைப் பார்க்கவேயில்லை. தலையைச் சொறிந்துகொண்டு இன்ஜினியரிடம் சொன்னான்:

"இது நான் எழுதுனது சார். புத்தி கெட்டுப்போயி எம்மேல நானே போட்டுகினேன். வாபஸுக்கு எங்க கையெழுத்துப் போடணும்?"