அரிசி டப்பாவில் பல்செட்டு

"நல்லா மென்னு சாப்பிடச் சொல்லுங்கம்மா. வாய் வேலை செஞ்சாத்தான் ஞாபகம் நிக்கும்" என்று பல் டாக்டர் சொன்ன அன்றே, மரகதவல்லி கணவரின் பல்செட்டை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டாள். முப்பது வருஷமாகத் தூக்கத்தில் அவர் முனகும் எஸ்தர் என்ற பெயர் மறந்து தொலையட்டும் என்றுதான்.

"பல்லு எங்கடி?" என்று கேட்டால், "தெரியலையே" என்பாள். இட்லியைக்கூட மிக்ஸியில் அரைத்து ஊட்டினாள். முதலில் மகன் பெயர் போனது, பிறகு தெருவின் பெயர். இன்று கஞ்சி ஊட்டும்போது அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டியா எஸ்தர்? இங்க ஒரு கிழவி என் பல்லை ஒளிச்சு வெச்சிருக்கா. அவ வர்றதுக்குள்ள என்னைக் கூட்டிட்டுப் போயிடு."

"யாரு அவ? பேரென்ன?"

வெறும் ஈறால் நெடுநேரம் மென்று பார்த்தார்.

"தெரியலையே, எஸ்தர்."