மணிகளின் இடுக்கில்

“தரை நனைஞ்சா வழுக்கும்க்கா. பாடம் நடத்துற வேகத்துல நீ பாட்டுக்கு விழுந்து வச்சா?” என்றபடி சின்னவள் ஒரு வாளியைக் கொண்டுவந்து, கண்ணாடித் தூணின் உச்சியிலிருந்து தொங்கிய ரப்பர் குழாய்க்கு நேர் கீழே வைத்தாள்.

பெரியவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ய மாட்டாள்.

வேதிப் பொறியியல் ஆய்வகத்தில் இருவரும் தற்காலிகப் பயிற்றுநர்கள். ஒரே டப்பாவில் சாப்பிட்டு, ஒரே ஆளிடம் திட்டு வாங்கி வளர்ந்த சிநேகம். இப்போது நிரந்தர வேலை ஒன்றே ஒன்று வந்திருந்தது. மாதிரி வகுப்பு பார்த்துத் தேர்வுக் குழு ஒருத்தியை எடுத்துக்கொள்ளும். மற்றவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“உனக்குத்தான்க்கா கிடைக்கும். நான் பேருக்குத்தான் மனு போட்டேன்” என்றாள் சின்னவள்.

குழு வந்து உட்கார்ந்தது. பின்னால் மாணவர்கள்.

“இந்தத் தூண் முழுக்கக் கண்ணாடி மணிங்க. நேத்து நானே கழுவி, காயவச்சு நிரப்பினேன்” என்று ஆரம்பித்தாள் பெரியவள். “தண்ணி மேலேருந்து இறங்கி, மணிங்க இடுக்குல புகுந்து, கீழ வெளியே போகும். இடுக்கு சின்னதா ஆக ஆக, தண்ணி அதிகமா முட்டி மோதும். எவ்வளவு மோதுதுன்னு பக்கத்து வளைகுழாய்ல சிவப்புத் திரவம் ஏறிக் காட்டும். இப்ப ஒரு சாண் ஏறும், பாருங்க.”

வால்வைத் திறந்தாள். சிவப்புத் திரவம் ஒரு சாணில் நிற்கவில்லை. விறுவிறுவென்று ஏறி, குழாய் வாயைத் தாண்டிக் குழுத் தலைவரின் வெள்ளைச் சட்டையில் துப்பியது. தூணுக்கு அடியிலோ, சளி பிடித்த மூக்கு மாதிரி சொட்டுச் சொட்டாக ஒழுகியது. மாணவர்கள் சிரித்துவிட்டார்கள்.

“ஒரு சாண்னு சொன்னீங்களேம்மா?” என்றார் தலைவர், சட்டையைத் துடைத்துக்கொண்டே.

குனிந்து பார்த்தாள். மணிகளின் இடுக்கெல்லாம் மாவு மாதிரி கண்ணாடிப் பொடி அடைத்திருந்தது. நேற்று அது இல்லை.

அவர்கள் இருவரிடமும் இருப்பதைத் தவிர, ஆய்வகத்தின் இன்னொரு சாவி ‘முசுடு’ என்று எல்லோரும் கூப்பிடும் பண்டகக் காப்பாளரிடம் இருக்கிறது. போன வாரம்தான் அவரோடு வாய்த் தகராறு. வாசலில் நின்றவரை எரிப்பதுபோல் பார்த்தாள்.

“என்னை ஏம்மா முறைக்கிறீங்க? நானா பாடம் நடத்துறேன்?” என்றார் முசுடு.

“நான் பார்க்கட்டுமாக்கா?”

சின்னவள்தான். மேல் வால்வை மூடினாள். அடி வால்வை மெல்லத் திறந்து, தண்ணீரைத் தலைகீழாக மேல்நோக்கி அனுப்பினாள். மணிகள் உலை கொதிப்பதுபோல் எழும்பிப் புரண்டன. லேசான பொடி மட்டும் புகையாகக் கிளம்பி, உச்சிக் குழாய் வழியே வெளியேறி வாளியில் விழுந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

மணிகள் படிந்ததும், சிந்தின சிவப்பை ஈடுகட்டி ஊற்றி, தண்ணீரைப் பழையபடி மேலிருந்து விட்டாள். திரவம் ஏறி நின்றது. சரியாக ஒரு சாண்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. “பதற்றமே இல்லையே! இந்தப் பொண்ணு போதும்” என்று தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது பெரியவள் காதிலும் விழுந்தது. அவளும் கைதட்டினாள்.

எல்லோரும் போன பிறகு சின்னவள் அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். “நீ அசிங்கப்படக் கூடாதேன்னுதான்க்கா குறுக்க வந்தேன். அவங்க இப்படி முடிவு பண்ணுவாங்கன்னு யாரு கண்டா? அந்த முசுடைச் சும்மா விடாதே. இன்னிக்கே புகார் குடு.”

பெரியவள் தலையாட்டியபடி, பால் மாதிரி வெளுத்த தண்ணீரைக் கொட்டுவதற்காக வாளியைத் தூக்கக் குனிந்தாள். பிடியில் வைத்த கை அப்படியே நின்றது.

நிமிராமலே கேட்டாள்:

“கீழ போக வேண்டிய தண்ணி மேல் வழியா வரும்னு, வாளி வைக்கும்போதே உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?”