தலைகீழ் இலை

“இந்த ரவிக்கைகூட எங்க யதுகிரி தானே யோசிச்சு, தானே பின்னினது. வெயிலுக்குக் காத்தோட்டமா இருக்குமோல்லியோ” என்றாள் ஸத்யபாமா, பெண் பார்க்க வந்தவர்களிடம்.

கேசரித் தட்டோடு நின்ற யதுகிரிக்குக் காது சுட்டது. இலை இலையாய்ப் பின்னிய அந்தக் குரோஷா ரவிக்கை, போன வாரம் தேவராஜ மொஹல்லாக் கடையில் அம்மா வாங்கியது. யதுகிரிக்கு ஊசி பிடிக்கவே தெரியாது.

பையன் கேசவமூர்த்தி அப்போதுதான் வாய் திறந்தான்.

“எல்லா இலையும் மேலே பார்க்கறது. தோள்கிட்ட ஒண்ணு மட்டும் கீழே பார்க்கறதே, ஏன்?”

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. யதுகிரி குனிந்து அந்த இலையைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கூடமே மறந்துபோயிற்று.

“அது மட்டும் உதிர்ந்துடுத்து” என்றாள் மெல்ல. “ஆனா இன்னும் தரையைத் தொடலை. காத்து தாங்கிண்டிருக்கு.”

பெரியவர்கள் டாங்கா வண்டிக்கு வாடகை பேசத் தெருவுக்குப் போனபோது, செருப்பு மாட்டுகிற சாக்கில் அவன் வாசலில் பின்தங்கினான். அவளுக்குப் பொறுக்கவில்லை.

“அம்மா சொன்னது பொய். நான் பின்னலை. கடையில வாங்கினது.”

“தெரியும். ஆபீஸ் விட்டு வந்து அந்தக் கடைக்குப் பின்னிக் கொடுக்கறவன் நான்தான். ஆத்துல யாருக்கும் தெரியாது. அந்த இலை கைதவறித் திரும்பிடுத்து. பிரிக்கச் சோம்பல், விட்டுட்டேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்கம்மா சொன்னதுல பாதியாவது நிஜமாகட்டும்” என்றான் அவன். “இனிமே நீங்க யோசிங்கோ. நான் பின்னறேன்.”