கீரியும் பாம்பும் செய்த சண்டை கேம்

காட்டோரக் கல்லூரி ஒன்றில் கீரியும் பாம்பும் வீடியோ கேம் உருவாக்கும் படிப்பு படித்தன. கடைசிப் பருவத்தில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு கேம் செய்ய வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் இவை இரண்டும் ஜோடியாக வந்தன. எதைப் பற்றிய கேம் என்பதில் தகராறே வரவில்லை. கீரி பாம்புச் சண்டை என்று உடனே முடிவாயிற்று.

தன் ஆளைத் தானே ஜெயிக்க வைத்துவிடக் கூடாது என்பதால், திரையில் வரும் பாம்பின் குணத்தைக் கீரி எழுதியது. கீரியின் குணத்தைப் பாம்பு எழுதியது.

"என்னைப் பார்த்தா நீ படமெடுக்கறியே, கோபம்னு போட்டுக்கவா?" என்று கீரி கேட்டது.

"கோபமா? பயம்தான்" என்றது பாம்பு. "உனக்கு ஏன் முடி சிலிர்க்குது?"

கீரி 'பயம்' என்று தட்டியது. பிறகு, "எனக்கும் அதேதான்" என்றது.

இரண்டும் உள்ளதை உள்ளபடி எழுதின.

பேராசிரியர் ஒட்டகம் கேமைத் தொடங்கிப் பார்த்தது. திரையில் கீரியும் பாம்பும் ஒன்றையொன்று பார்த்தன. உடனே ஆளுக்கொரு பக்கம் ஓடிப்போயின. புல் மட்டும் அசைந்தது.

"சண்டை எங்கே?" என்று கேட்டது ஒட்டகம்.

"அவ்வளவுதான் சார்" என்றது கீரி.

"அந்தப் பயத்தை மட்டும் எடுத்துடுங்க. பாஸ் போட்டுடறேன்."

"எடுத்தா ரெண்டுல ஒண்ணு செத்துடும் சார்" என்றது பாம்பு.

அந்தப் பாடத்தில் இரண்டுக்கும் அரியர் விழுந்தது. அடுத்த முறை ஜோடியை மாற்றிக்கொள்ளலாம் என்று கல்லூரி அறிவித்தது. இரண்டும் மாற்றிக்கொள்ளவில்லை.